கள்ளிமந்தையத்தில் பத்து நிமிஷம்

கொஞ்சம் பார்த்துங்க சார், முழங்கை படாம. கண்ணாடி போட்ட படம். மேலே வெச்சா பிரேக் அடிக்கறப்ப உருண்டு விழுந்துரும், கீழே வெச்சா யாராச்சும் மிதிச்சுருவாங்க. அதனாலதான் உடுமலையில ஏறுனதுல இருந்து மடியிலயே வெச்சுட்டு வர்றேன். நீங்க எதுவரைக்கும் போறீங்க? திண்டுக்கல்லா? நானும் அங்கதான்.

யார் படமா? இறந்துபோனவர் படமுங்க. ரெண்டு வருஷமாச்சு. பிரிச்சே காட்டறேன் இருங்க, சும்மா பேப்பர்தான் சுத்தியிருக்கேன். பாருங்க. மீசை அடர்த்தியா இருக்குதா, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின படம். என்ன படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க? ஜாடை தெரியுதா? தெரியத்தான் செய்யும். நான்தான் அது.

எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிராதீங்க. புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முப்பத்திரண்டு வருஷம் நூற்பாலையில கணக்குப் பார்த்தவன், ஒரு நாள்கூடத் தப்பு வந்ததில்லை. பேரு அர்த்தநாரி. திண்டுக்கல்ல ஒருத்தர் வீட்டுக்குப் போறேன், அவருக்கு நான் அர்த்தநாரியோட தம்பி குமரேசன். எனக்குத் தம்பியே கிடையாது. அக்கா மட்டும்தான், ஈரோட்டுல இருக்கு.

அலுத்துப்போச்சு சார். செத்தவனா இருக்கறது லேசுப்பட்ட காரியமில்லை.

நீங்க இந்த இன்டர்நெட்டுல மன்றம்னு இருக்குமே, அதெல்லாம் பாக்கறதுண்டா? இப்ப எல்லாரும் போன்ல குரூப்பு, அது இதுன்னு போயிட்டாங்க. எங்களுது பழசு. வண்டிப்பேட்டைன்னு பேரு. பஸ் மேல பைத்தியமா இருக்கறவங்களுக்குன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. சிரிக்காதீங்க. எந்தக் கம்பெனி வண்டி எந்த ரூட்டுல ஓடுச்சு, பாடி எந்த ஊர்ல கட்டுனது, எந்த ஸ்டாண்டுல எத்தனை நிமிஷம் நின்னுச்சு, இதையெல்லாம் பேசறதுக்குன்னே ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தோம். ஒருத்தர் ஒரு பேச்சை ஆரம்பிச்சு வெச்சா அதுக்குத் திரின்னு பேரு. மத்தவங்க அதுக்குக் கீழ வரிசையா எழுதிக்கிட்டே போவாங்க.

எத்தனை விதமான ஆளுங்கறீங்க. ஏர் ஹாரன் சத்தத்தை வெச்சே வண்டி பேரைச் சொல்ற ஒருத்தர். ‘பழனிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு’ன்னு கேட்டுட்டு, பதில் சொன்னா ஒரு நன்றிகூடச் சொல்லாம ஓடிப்போற ஒரு கூட்டம். எந்தத் திரியா இருந்தாலும் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் வைக்கற ஒருத்தர். சண்டை போடறதுக்குன்னே வர்றவங்க, சண்டை முடிஞ்சப்புறம் வந்து ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுன்னு சொல்றவங்க. சார்ஜாவுல ஒருத்தர் இருந்தார், ஆறு வருஷமா ஊருக்கு வரலை. மாசத்துக்கு ஒருக்கா வந்து, எங்க ஊருக்குச் சாயங்காலம் அஞ்சே முக்கால் வண்டி இன்னும் வருதுங்களான்னு மட்டும் கேப்பார். வருதுன்னு சொல்லுவோம். சந்தோசமுங்கன்னு எழுதிட்டுப் போயிருவார். அது நின்னு நாலு வருஷமாச்சு. அவர்கிட்ட யாரும் சொல்லலை.

நான் யாருன்னா, திருத்தறவன். எவனாச்சும் தப்பா டைமிங் போட்டா விடமாட்டேன். அதனால எனக்கு அங்க ஒரு மரியாதை உண்டு. தினமும் காலையில ஆறு பத்துக்கு எங்க வீட்டு முன்னாடி போற முதல் வண்டியை மொட்டை மாடியில நின்னு படம் எடுத்துப் போடுவேன். பதினோரு வருஷம், காய்ச்சல் வந்தாலும் விட்டதில்லை.

இந்தத் திண்டுக்கல்காரர் இருக்காரே, சவரிமுத்து, சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் திருத்தறதைத் திருத்தறது அவர் ஒருத்தர்தான். எனக்கும் அவருக்கும் ஒன்பது வருஷம் ஒரே ஒரு விஷயத்துல சண்டை. செங்கமலம் மோட்டார் சர்வீஸ்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, தாராபுரத்துல இருந்து திண்டுக்கல்லுக்கு. காலையில ஏழே கால் வண்டி. அது வழியில கள்ளிமந்தையத்துல பத்து நிமிஷம் நின்னுட்டுத்தான் ஒட்டன்சத்திரம் போகும். நான் சொன்னேன். அவர் இல்லைன்னார். நிக்காது, நேரா ஒட்டன்சத்திரம்தான், டீ குடிக்கறதெல்லாம் அங்கதான்னார். நான் என் கண்ணால பார்த்தேன்னேன். ஆதாரம் காட்டுங்கன்னார். இப்படியே ஒன்பது வருஷம். அந்தத் திரி முந்நூத்திப் பதினேழு பக்கம் போச்சு. அவருக்கு மூளையில்லைன்னு நான் எழுதியிருக்கேன். எனக்கு வாயைத் தவிர வேறொண்ணும் இல்லைன்னு அவர் எழுதியிருக்கார்.

சிரிக்கறீங்க. எங்க வீட்லயும் இப்படித்தான் சிரிக்கும், பூங்கோதை. நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டியா பொறந்திருக்கோணும்னு சொல்லும்.

மடத்துக்குளம் தாண்டிருச்சா? இந்த டிரைவர் பரவால்ல, நிதானமா ஓட்டறார்.

சரி, நான் செத்த கதைக்கு வர்றேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி வலது கண்ணுல புரைக்கு ஆப்பரேசன் பண்ணுனாங்க. பத்து நாளைக்குக் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க. நானும் யாருக்கும் சொல்லலை. கண்ணு சரியில்லைன்னு சொன்னா, இத்தனை நாள் சொன்னதெல்லாம் எப்படிப் பார்த்தேன்னு சவரிமுத்து கேப்பாரே.

இந்த நேரத்துல ஒருத்தர் உடுமலை பஸ் ஸ்டாண்டுல ஒரு புது வண்டியைப் படம் எடுத்துப் போட்டிருக்கார். எங்க ஆளுங்களுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. வண்டியைப் பாக்கமாட்டாங்க. வண்டிக்குப் பின்னாடி சுவத்துல என்ன போஸ்டர் ஒட்டியிருக்கு, கடையில என்ன போர்டு, இதையெல்லாம் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்து, இது எந்த ஊரு எந்த மாசம்னு கண்டுபிடிப்பாங்க. அதுதான் அங்க கெட்டிக்காரத்தனம். ஓசூர்க்காரர் ஒருத்தர் அதுல புலி. அவர் பெருசாக்கிப் பார்த்திருக்கார். சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ‘அர்த்தநாரி, ஓய்வு பெற்ற’ அவ்வளவுதான் தெரியுது. மிச்சத்தை வண்டியோட கண்ணாடி மறைச்சிருக்கு. முகத்தைக் கண்டக்டர் முழங்கை மறைச்சிருக்கு. எங்க மன்றத்துல யாரும் என் முகத்தைப் பார்த்தது கிடையாது, பஸ் படம்தான் வெச்சிருந்தேன். நாலு நாளா என் ஆறு பத்து வண்டியும் வரலை. உடுமலை, அர்த்தநாரி, ஓய்வு பெற்ற. முடிச்சுப் போட்டுட்டாங்க.

அந்தப் போஸ்டர் அர்த்தநாரி பாவம், வாத்தியாராம். அப்புறம் நேர்ல போய்ப் பார்த்தேன், போஸ்டரை. எனக்கு மூணு வயசு சின்னவர்.

பதினோராம் நாள் கண்ணாடியை மாட்டிட்டு உக்காந்து திறக்கறேன், மேலயே இருக்குது. ‘உடுமலை அர்த்தநாரி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.’ ஏழு பக்கம்.

உடனே நான் உசுரோடதான் இருக்கேன்னு எழுதியிருக்கோணும். விரலைக்கூட வெச்சுட்டேன். ஆனா சார், படிக்காம எப்படி எழுதறது? நீங்களா இருந்தா படிக்கமாட்டீங்களா?

முதல் பக்கம் பூராவும் அழுகை. நடமாடும் கால அட்டவணைன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஆப்பரேசன் பண்ணுன கண்ணு வேற. ரெண்டாம் பக்கத்துல தன்னடக்கமான மனிதர்னு ஒருத்தர். அது கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாம் பக்கத்துல ஆரம்பிச்சுட்டாங்க. அவர் வெச்சிருந்த பழைய டைமிங் லிஸ்ட்டெல்லாம் இனி யார் பொறுப்புன்னு ஒருத்தன் கேக்கறான். நாலாம் பக்கத்துல, இறுதி ஊர்வல வண்டியெல்லாம் எந்தச் சேஸிஸ்ல கட்டறாங்கன்னு பேச்சு போயி, ஒன்றரைப் பக்கம் அதே ஓடுது. நடுவுல ரோஜாப்பூ, காலை வணக்கம். ஆறாம் பக்கத்துல ஒருத்தன் வந்து, பழனிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கறான். என் அஞ்சலித் திரியில. அதுக்கு ஒருத்தன் பதிலும் சொல்லியிருக்கான், பத்தரைன்னு. தப்பு சார். பத்து நாப்பது. எனக்குக் கை பரபரங்குது. செத்தவன் எப்படித் திருத்தறது?

ஆனா சவரிமுத்து மட்டும் எழுதவே இல்லை. ஏழு பக்கத்தையும் ரெண்டு தடவை தேடிட்டேன். ஒரு வரி இல்லை. ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம், இந்த மனுசன் என்ன எழுதறான்னு தெரிஞ்சுட்டு அப்புறம் எழுந்திரிப்போம்னு இருந்தேன். அங்கதான் மாட்டுனேன்.

பூங்கோதை சொல்லுச்சு, உசுரோட இருக்கேன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க, நான் நெத்தியில பொட்டு வெச்சுட்டு இருக்கேன், அங்க ஊரே ஒப்பாரி வைக்குது, நல்லாவா இருக்குன்னு. நாளைக்கு எழுதறேன்னேன்.

மூணாம் நாள் சவரிமுத்து எழுதிட்டார். எனக்கு அந்த எழுத்து அப்படியே மனப்பாடம். ‘ஒன்பது ஆண்டுகள் நான் பிடிவாதமாக மறுத்துவந்தேன். இன்று ஒப்புக்கொள்கிறேன். செங்கமலம் வண்டி கள்ளிமந்தையத்தில் நின்றது. பத்து நிமிடம் நின்றது. அர்த்தநாரி சொன்னதே சரி. அவர் உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.’ அவ்வளவுதான்.

நான் ஜெயிச்சுட்டேன் சார். ஒன்பது வருஷம். எழுந்திரிச்சு வீடு பூராவும் நடந்தேன். அப்புறம்தான் உறைச்சுது. இப்பப் போயி நான் உசுரோட இருக்கேன்னு எழுதுனா, அந்த மனுசன் அடுத்த நிமிஷமே எழுதுனதைத் திருத்திப்போடுவார். எங்க மன்றத்துல அந்த வசதி உண்டு, யாரு எழுதுனதையும் அவங்களே எப்ப வேணாலும் திருத்திக்கலாம். ஜெயிச்சது ஜெயிச்சதா இருக்கோணும்னா நான் செத்தவனா இருந்தாத்தான் உண்டு.

ஒரு வாரம் இருந்துட்டு எழுந்திரிச்சுரலாம்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள அவர் நேர்லயே வந்துட்டார்.

பழனி. இங்க அஞ்சு நிமிஷம் நிக்கும். நீங்க டீ சாப்பிடறதுன்னா போயிட்டு வாங்க, இடத்தை நான் பார்த்துக்கறேன். வேண்டாமா? சரி.

எப்படி வந்தார்னு கேளுங்க. என் விலாசம் யாருக்கும் தெரியாது. நான் தினமும் போடற ஆறு பத்துப் படம் இருக்குல்ல, அதுல தண்ணித்தொட்டி ஒரு ஓரமாத் தெரியும், இன்னொரு ஓரத்துல கோயில் கோபுரம். ரெண்டையும் வெச்சு, எந்த வீட்டு மாடியில நின்னா இது இப்படித் தெரியும்னு காகிதத்துல கோடு போட்டுக் கண்டுபிடிச்சிருக்கார். சர்வேயர்ல. பழனியில சொந்தக்காரங்க வீட்ல தங்கிட்டு, விடியக்காலை முதல் வண்டி ஏறி, அதாவது அதே ஆறு பத்து வண்டி, எங்க வீட்டு முன்னாடி வந்து இறங்குறார். கையில மாலை.

நான் மாடியில நின்னு படம் எடுத்துட்டு இருக்கேன். மன்றத்துல போட முடியாதுன்னாலும் பழக்கம் விடுதுங்களா? நிமிர்ந்து பார்த்தார். நானும் கேமராவோட அப்படியே நின்னுட்டேன். அர்த்தநாரி வீடுங்களான்னார். யாரு வேணும்னேன். நான் திண்டுக்கல் சவரிமுத்துன்னார். எனக்கு வாயில வந்தது அதுதான் சார், நான் யோசிக்கவே இல்லை. ‘அண்ணன் தவறிட்டாருங்க. நான் தம்பி’ன்னுட்டேன்.

கீழ வந்தேன். பூங்கோதை தலை நிறைய மல்லிகைப்பூவோட கதவைத் திறந்துட்டு நிக்குது. என் சம்சாரம்னேன். அண்ணி எங்கன்னார். ஊருக்குப் போயிருக்காங்கன்னேன். மாடியில என்ன பண்ணுனீங்க தம்பின்னார். அண்ணன் நினைவா அந்த வண்டியைத் தினமும் எடுக்கறேனுங்கன்னேன். நம்பிட்டார். படிச்ச மனுசன், ஆனா வெளுத்ததெல்லாம் பால்னு நம்பற ஆளு.

மாலையை எதுக்குப் போடறதுன்னு சுவரைச் சுவரைப் பார்க்கறார். படம் இல்லை. பிரேம் போடக் குடுத்திருக்குதுன்னேன். அண்ணன் உக்காந்து எழுதற இடம் எதுன்னார். கம்ப்யூட்டரைக் காட்டறேன், ஐயையோ, என் அஞ்சலித் திரி திறந்தே கிடக்குது, மேல என் பேரோட. ஓடிப்போயி சுவிட்சை அணைச்சேன். பார்த்திருக்கமாட்டார்னு நினைக்கறேன். அணைச்ச கம்ப்யூட்டர் மேல மாலையைப் போட்டுட்டுக் கண்ணை மூடி ஜெபம் பண்ணுனார். நான் பின்னாடி கையைக் கட்டிட்டு நின்னேன். பூங்கோதை சமையக்கட்டுக்குள்ள போயிருச்சு, அழுதுச்சோ சிரிச்சுச்சோ தெரியாது, தோள் மட்டும் குலுங்குச்சு.

இட்லி சாப்பிட்டார். ஆறு இட்லி. எழவு வீட்ல ஆறு இட்லி சாப்பிடற மனுசனை அன்னைக்குத்தான் பார்த்தேன். போறப்ப என் போன் நம்பரை வாங்கிட்டு, ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போனார்.

அதுல இருந்து ஞாயித்துக்கிழமையானா போன் வரும், சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பதினோரு மணிக்கு. ரெண்டு வருஷத்துல ஒரு வாரம் தப்புனதில்லை. அவர் சம்சாரம் முந்தியே போயிட்டாங்க, பையன் கனடாவுல. பேச ஆளில்லாத மனுசன். பாவம்னு நானும் பேசறேன். என்ன பேசறோம்? அவர் முட்டி வலி, எங்க வீட்ல முட்டி வலி, மழை, கத்திரிக்காய் விலை, எந்தக் கம்பெனி வண்டியை நிறுத்திட்டான், எல்லாமும்தான். சில நாள் ஒரு மணி நேரம் போயிரும். மன்றத்துல எழுதறதில்லைங்களான்னு ஒருக்கா கேட்டேன். ‘உங்க அண்ணன் போனப்புறம் எதுக்கு எழுதறது தம்பி? மத்தவனெல்லாம் நான் என்ன சொன்னாலும் சரிங்கறான்’னார்.

எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு சார். ஸ்கூல்ல, மில்லுல, தெருவுல, எனக்குன்னு ஒரு சிநேகிதன் இருந்ததே இல்லை. எனக்கு அது ஒரு குறையாவும் தெரிஞ்சதில்லை. இப்பச் சனிக்கிழமையானா நாளைக்கு என்ன பேசறதுன்னு குறிச்சு வெச்சுக்கறேன். ஆனா அவர் சிநேகிதம் குமரேசனோட. எனக்கு அவன் மேல கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஒரு சங்கடம் என்னன்னா, அவருக்கு வயசாகி ஞாபகம் குழம்புது. எது பேசுனாலும், உங்க அண்ணன் இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பாருன்னு கேப்பார். நான், அண்ணன் இப்படிச் சொல்லியிருப்பாருங்கன்னு சொல்லுவேன். அதுக்கு அவர், அதானே, அந்த ஆளுக்கு மூளை அப்படித்தான் போகும்பார். எனக்குச் சுர்ருங்கும். செத்தவரைப் பத்தி இப்படியெல்லாம் பேசாதீங்கம்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார். போன மாசம், கண்ணு இப்பத் தெளிவாத் தெரியுதான்னு என்னைக் கேக்கறார். ஆப்பரேசன் பண்ணுனது அண்ணனுக்குன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ஆமால்ல, மறந்துட்டேன் தம்பின்னார்.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சு பாருங்க. என்ன தக்காளிக் கூடை. இந்த ஊர்ப் பேரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும் ஒரு காலத்துல.

இப்ப எதுக்குப் போறேன்னா, அவர் செங்கமலம் வண்டியை அட்டையிலயும் தகரத்துலயும் செஞ்சிருக்கார். ரெண்டடி நீளம். ஆறு மாச வேலை. சீட்டு, ஸ்டேரிங்கு, மேல லக்கேஜ் கேரியர், ஏணி எல்லாம் உண்டாம். முன்னாடி போர்டுல தாராபுரம், கள்ளிமந்தையம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல்னு எழுதியிருக்கேன் தம்பின்னார் போன்ல. எங்கெங்க நிக்குதுன்னு இன்னொருக்கா படிக்கச் சொன்னேன். அதை ஹால்ல வெக்கறேன், பக்கத்துல உங்க அண்ணன் படம் இருக்கோணும், அன்னைக்குப் பிரேம் போடக் குடுத்த படம் வந்துருச்சான்னு கேக்கறார். ரெண்டு வருஷம் கழிச்சு. அதை மட்டும் எப்படி ஞாபகம் வெச்சிருந்தாரோ.

அப்புறம்தான் பெட்டியைக் குடைஞ்சு இந்த மீசைப் படத்தைத் தேடி எடுத்தேன். பூங்கோதைகிட்ட, வர்றியான்னேன். என் புருசன் படத்துக்கு மாலை போடறதைப் பாக்க என்னை வேற கூப்பிடறீங்களான்னு கேட்டுட்டு, இட்லிப்பொடி ஒரு டப்பா குடுத்து விட்டுச்சு. அவருக்குப் பிடிச்சதாம்.

படத்துக்குப் பின்னாடியா? அட்டை சரியா உக்காரலைங்க, அதான் ஒரு தாளை மடிச்சு வெச்சிருக்கேன். ஆமா, பழைய தாள்தான். செங்கமலம் கம்பெனியோட டைம் ஷீட்டு.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க இறங்குனா யாரோ நான் யாரோ. சண்டை ஆரம்பிச்ச நாலாவது வருஷம் தாராபுரத்துல பழைய பேப்பர்க் கடையில கிடைச்சுது. ஏழே கால் வண்டி. தாராபுரம் விட்டா ஒட்டன்சத்திரம்தான். கள்ளிமந்தையம்னு பேரே இல்லை. எனக்கு அப்பவே தெரியும் சார். பீரோவுல துணிக்கு அடியில வெச்சுட்டு, இன்னும் அஞ்சு வருஷம் சண்டை போட்டேன்.

பொய்யில்லைங்க. நின்னுச்சு. எனக்குப் பத்து வயசு, எங்கப்பாவோட திண்டுக்கல் போறேன். வயித்தைப் பிரட்டிருச்சு. அப்பா வைய ஆரம்பிச்சார். டிரைவர் கள்ளிமந்தையத்துல வண்டியை ஓரங்கட்டிட்டு, என்னைத் தூக்கிட்டுப் போயி மூஞ்சி கழுவிவிட்டு, ஒரு கோலி சோடா உடைச்சுக் குடுத்தார். குடிச்சு முடி கண்ணு, வண்டி எங்கயும் போயிராதுன்னார். பத்து நிமிஷம். வண்டி பூராவும் எனக்காகக் காத்துட்டு இருந்துச்சு. நான் அந்த ரூட்டுல மறுபடி போகவே இல்லை. எப்பவும் அங்க நிக்கும்னுதான் பெரியவனானப்புறமும் நினைச்சுட்டு இருந்தேன். அப்புறம் இல்லைன்னு தெரிஞ்சுது, ஆனா இல்லைன்னு சொல்ல மனசு வரலை.

தாளை எதுக்கு உள்ள வெச்சேன்னு கேக்கறீங்க. தெரியலை. என்னைக்காச்சும் அவர் கண்ணாடி மாத்தறதுக்குப் பிரிச்சா பார்க்கட்டுமேன்னுதான். அதுக்குள்ள நானும் நிஜமாவே போயிருப்பேன்.

இது அவர் அனுப்புன கவர். விலாசத்தை மறந்துருவேன்னு எடுத்துட்டு வந்தேன். பாருங்க கையெழுத்து, சர்வேயர் கையெழுத்து, முத்து முத்தா. உள்ள ஒரு சீட்டு, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வந்துருங்க, போன் பண்றதுக்குப் பதிலா நேர்ல பேசுவோம்னு. அவ்வளவுதான்.

கவர் மேலயா? திரு. அர்த்தநாரி அவர்கள். ஆமாங்க, அதான் சொன்னேனே, ஞாபகம் குழம்புதுன்னு. பழக்கதோசத்துல அண்ணன் பேரை எழுதிட்டார்.

என்ன சார்?

இல்லீங்க. அதெல்லாம் இருக்காது. அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் தம்பின்னு சொன்னேனே. மாடியில பார்த்தார், சரி. பூங்கோதை பூ வெச்சிருந்துச்சு, சரி. கம்ப்யூட்டர்... அணைச்சுட்டேனே. கண்ணு ஆப்பரேசன்... பிரேம் போடக் குடுத்த படம்...

ஆறு இட்லி.

தண்ணி இருக்குங்களா? ஒரு வாய் குடுங்க.

ரெட்டியார்சத்திரம் தாண்டியாச்சா. இன்னும் கால் மணி நேரம்தான்.

ரெண்டு வருஷம் சார். தெரிஞ்சுட்டேவா கூப்பிட்டிருக்கார்? தம்பி தம்பின்னு. எதுக்கு? எழுதுனதையும் திருத்தலையே. போன வாரம்கூடப் பார்த்தேன், அப்படியேதான் இருக்குது. அப்பக் கள்ளிமந்தையத்துல நின்னுச்சுன்னு ரெண்டடி வண்டியில போர்டு எழுதியிருக்காரே, அது நிக்கலைன்னு அவருக்குத் தெரியுமில்ல. தெரிஞ்சுதானே ஒன்பது வருஷம் சண்டை போட்டார்.

என் மூஞ்சியில முழிக்க எனக்கே வெட்கமா இருக்குது.

ஸ்டாண்டுக்கே வந்து நிக்கறேன்னு காலையில போன்ல சொல்லியிருக்கார். இப்ப இறங்குனா நிப்பார். படத்தை வண்டியிலயே விட்டுட்டு இறங்கிரட்டுமான்னு பாக்கறேன். இல்லீங்க, வேண்டாம். அவர் கேட்டது, குடுத்துத்தான் ஆகோணும். தம்பின்னு கூப்பிட்டார்னா தம்பியாவே போயி ஹால்ல நின்னு மாலையைப் போட்டுட்டு வந்துரலாம். அவருக்கு அதுதான் பிரியம்னா இன்னும் பத்து வருஷம்கூட இருப்பேன், அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை.

ஆனா இந்தத் தாளு ஒண்ணு இருக்குதே. வண்டி அங்க நின்னது ஒரே ஒரு நாள்தான், நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லோணுமில்ல. அதைத் தம்பி சொல்ல முடியாது. தம்பிக்கு என்ன தெரியும்? அதைச் சொல்றதுக்கு நான் உசுரோட இருக்கோணும்.

அதோ, தூணுக்குப் பக்கத்துல வெள்ளைச் சட்டை. கைக்கடிகாரத்தைப் பாக்கறார் பாருங்க. வண்டி எத்தனை நிமிஷம் லேட்டுன்னு குறிச்சுக்குவார். ஏழு நிமிஷம் சார், நான் பார்த்துட்டுத்தான் வர்றேன். அவர் எட்டும்பார்.

கொஞ்சம் காலை மடக்கிக்கங்க, நான் முதல்ல இறங்கிக்கறேன்.